ஹடப்சர் வழிச் செல்லும் இருப்புப்பாதை: நிலையக் கட்டடங்களும் பெயர்களும்

புணே நகரின் கிழக்குப் புறத்தில் அமைந்துள்ள ஹடப்சர் நிலையம் கட்டடக்கலை நூல்களில் இடம்பெற்ற நிலையமன்று. எனினும் அது நிற்கும் பாதை இந்திய இருப்புப்பாதை வரலாற்றில் தலையாய பாதைகளுள் ஒன்றாகும். மும்பையையும் சென்னையையும் இணைக்கும் முதற்பாதை இதுவே. சென்னையிலிருந்து மும்பைக்கு இரயிலில் செல்லும் தமிழர் பெரும்பாலும் ஹடப்சரைக் கடந்தே செல்கின்றனர். இப்பாதையின் ஒரு முனையில் மராட்டியும் மறுமுனையில் தமிழும் வழங்க, இடையே கன்னடமும் தெலுங்கும் வழங்குகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நான்கு மொழி நிலங்களிலும் 'நிலையம்' என்னும் புதுவகைக் கட்டடம் ஒன்று தோன்றியது. அதற்குக் கல்லால் உருவம் கொடுத்ததைப் போன்றே சொல்லாலும் உருவம் கொடுக்க வேண்டியிருந்தது. அவ்விருவகை ஆக்கங்களையும் ஒருங்கு வைத்து நோக்குவதும், இப்பாதையின் ஊர்ப்பெயர்கள் தமிழில் எழுதப்படும் முறையை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். இக்கட்டுரையில் 'புனே' என்னாது 'புணே' என்றே எழுதப்படுகின்றது. அதற்குரிய காரணம் பின்னர் விளங்கும்.

1. பாதையின் வரலாறு

இருப்புப்பாதை வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே ஹடப்சர் வரலாற்றில் பெயர் பெற்றுவிட்டது. 1802 அக்டோபர் 25-ஆம் நாள் யசுவந்தராவ் ஹோல்கர், பேஷ்வா இரண்டாம் பாஜிராவ், சிந்தியா ஆகியோரின் கூட்டுப்படையை இவ்வூர்ப் பகுதியில் வென்றார். தோற்றோடிய பேஷ்வா அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் ஆங்கிலேயருடன் வசாய் உடன்படிக்கை செய்துகொண்டார். தக்காணத்தில் ஆங்கிலேயர் கால் ஊன்றுவதற்கு வழிவகுத்தது அவ்வுடன்படிக்கையே. 1818-இல் பேஷ்வா ஆட்சி முடிவுற்றது. பின்னர்ப் புணே ஆங்கிலப் படைத்தளமாயிற்று. மும்பையிலிருந்து மலையேறிப் புணேவுக்கு இருப்புப்பாதை அமைக்க வேண்டும் என்னும் முனைப்புக்குப் பருத்தி வாணிகம் ஒரு காரணமெனின் இப்படைத்தளம் மற்றொரு காரணமாகும்.

கிரேட் இந்தியன் பெனின்சுலா இரயில்வே என்னும் குழுமம் 1849-இல் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. முதலீட்டுக்கு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வட்டி உறுதி என்பது ஒப்பந்தத்தின் சாரம். 1853 ஏப்ரல் 16-இல் மும்பை போரி பந்தரிலிருந்து தாணே வரை, ஏறத்தாழ 34 கிலோமீட்டர் தொலைவுக்கு, முதல் பயணிகள் வண்டி ஓடியது. 1856-இல் பாதை மலையடிவாரமான கோபோலியை எட்டியது. 1858 ஜூன் 14-இல் மலைமேல் உள்ள கண்டாளாவுக்கும் புணேவுக்கும் இடைப்பட்ட பகுதி திறக்கப்பட்டது. ஆனால் மலையடிவாரத்துக்கும் மலையுச்சிக்கும் இடையே பாதை இல்லை. ஆகவே பயணிகள் கோபோலியில் இறங்கிப் பல்லக்கிலும் மட்டக்குதிரையிலும் மாட்டுவண்டியிலும் மலையேறிக் கண்டாளாவில் மீண்டும் வண்டி ஏறினர். ஐந்தாண்டுக் காலம் இந்நிலை நீடித்தது.

போர்க் கணவாயில் பாதை அமைத்த பணி தனி நூலுக்குரிய செய்தியாகும். முப்பத்தேழு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம், இருபத்தைந்து சுரங்க வழிகள், பணி மிகுந்திருந்த காலத்தில் நாற்பதாயிரத்தைக் கடந்த தொழிலாளர் தொகை ஆகியன அதன் பெருமையைக் காட்டும். தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் ஜான் பெர்க்லி. ஒப்பந்தக்காரராகிய சாலமன் டிரெட்வெல் 1859-இல் இந்தியாவுக்கு வந்த சின்னாட்களிலேயே நோயுற்று இறந்தார். அவர்தம் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஒப்பந்தத்தைக் கைவிடாது பொறியாளர்களை அமர்த்திப் பணியை நடத்தினார். 1863-இல் கணவாய்ப் பாதை திறக்கப்பட்டது. பல்லாயிரவர் உழைத்த அப்பணியில் ஒப்பந்தக்காரர் பெயர் நிலைபெற, உழைத்து மாண்ட தொழிலாளர் பெயர் ஒன்றும் நிலைபெறவில்லை.

கணவாய் முடியுமுன்னரே புணேவுக்குக் கிழக்கே பாதை விரைந்து நீண்டது. சமவெளியாதலின் தடையில்லை. ஹடப்சரைக் கடந்து தௌண்ட் வழியாகச் செல்லும் பாதை 1859-இல் பார்சி ரோடு வரையும் 1860-இல் சோலாப்பூர் வரையும் திறக்கப்பட்டது. சோலாப்பூருக்குத் தெற்கே 1865-இல் தொடங்கிய பணி 1871-இல் இராய்ச்சூரை அடைந்தது. அங்கே அரக்கோணத்திலிருந்து வடமேற்காக வந்த மதராஸ் இரயில்வேயின் பாதை அதனோடு இணைந்தது. இரண்டு குழுமங்களும் ஐந்தடி ஆறங்குல அகலப் பாதையையே மேற்கொண்டிருந்தமையால் சரக்குகளை இறக்கி ஏற்ற வேண்டிய தேவை இல்லாதிருந்தது.

தமிழகப் பக்கத்தில் இப்பாதையின் தொடக்கம் 1856 ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்துக்கும் ஆர்க்காட்டுக்கும் இடையே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு ஓடத் தொடங்கிய வண்டியாகும். அந்நாளில் ஆர்க்காடு எனப்பட்ட நிலையம் இன்றைய வாலாஜா ரோடு.

இங்கு ஒரு காலப் பொருத்தத்தைச் சுட்டுதல் வேண்டும். தஞ்சையில் 1676 முதல் ஆண்ட மராட்டிய மரபின் இறுதி மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி 1855-இல் மறைந்தார். அதனோடு அம்மரபின் ஆட்சி முடிவுற்றது. மும்பையில் முதல் வண்டி ஓடி ஈராண்டுக்குப் பின்னும் இராயபுரத்தில் முதல் வண்டி ஓடுவதற்கு ஓராண்டுக்கு முன்னும் இது நிகழ்ந்தது. ஒன்றே முக்கால் நூற்றாண்டுக் காலம் மராட்டிச் சொற்களும் பெயர்களும் தமிழுக்கு நேரே வந்துகொண்டிருந்த வாயில் ஒன்று தஞ்சையில் அடைபட்டது. அதற்குப் பின் வந்த இருப்புப்பாதை இரு நிலங்களையும் முன்னினும் நெருக்கமாக இணைத்தது. ஆனால் அதன் கால அட்டவணையும் வரைபடமும் ஆங்கிலத்தில் இருந்தன. இதன் விளைவு நான்காம் பகுதியில் ஆராயப்படும்.

2. கட்டடங்கள்

இருப்புப்பாதை நிலையங்களை அமைப்பு நோக்கில் முனைய நிலையம், வழிநிலையம் என இரு வகைப்படுத்தலாம். முனைய நிலையத்தில் தண்டவாளங்கள் முடியுமிடத்தில் கட்டடம் குறுக்காக நிற்கும். நகரை நோக்கிய முகப்பு அதற்கு இன்றியமையாதது. வழிநிலையத்தில் கட்டடம் தண்டவாளத்துக்கு இணையாக நீண்டு கிடக்கும். அதற்கு நகரை நோக்கி ஒரு முகமும் பாதையை நோக்கி மற்றொரு முகமும் உண்டு. இப்பாதையில் மும்பையும் சென்னை சென்ட்ரலும் முன்னதற்கும் புணேவும் ஹடப்சரும் பின்னதற்கும் சான்றாகும்.

இராயபுரம் நிலையம் வில்லியம் அடெல்பி டிரேசி என்பவரால் வரையப்பட்டது. மும்பையிலும் தாணேயிலும் எழுந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ஆகவே இந்தியாவில் நிலைத்து நிற்கும் மிகப் பழைய நிலையக் கட்டடமாக இராயபுரமே கருதப்படுகிறது. உயர்ந்த தூண்களின் வரிசையே அதன் முகப்பு. கிரேக்கக் கோயில்களின் அயோனியத் தூண்முறையைப் பின்பற்றி, இங்கிலாந்தில் அந்நாளில் பொதுக் கட்டடங்களுக்கு வழங்கிய பாணியை அவ்வாறே பெயர்த்துக் கொணர்ந்து நிறுத்தியுள்ளனர். உயர்ந்த கூரை சென்னையின் வெப்பத்துக்கு ஏற்றதாக அமைந்தது. மற்றபடி அக்கட்டடத்தில் மண்ணுக்குரிய கூறு எதனையும் காண்டல் அரிது. மொழியியலார் வழக்கில் கூறின், ஒலித்திரிபு பெறாத கடன்சொல் போன்றது அக்கட்டடம். புதிய பொருள் ஒன்று வந்த முதற்கணத்தில் மொழியும் அவ்வாறே செய்கின்றது.

துறைமுகத்துக்கும் வணிகர் வாழ்ந்த கறுப்பர் நகரத்துக்கும் அணித்தாக இருந்தமையால் இராயபுரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் நகர் தெற்கும் மேற்கும் விரிந்தபோது அதுவே அதற்குக் குறையாயிற்று. 1873-இல் ஜார்ஜ் ஹார்டிங் வரைந்த சென்ட்ரல் நிலையம் எழுந்தது. அதன் கோதிக் பாணிக் கட்டடத்தில் பின்னர் மாற்றங்கள் செய்தவர் இராபர்ட் சிஸ்ஹோம். மதராஸ் இரயில்வே 1908-இல் தென் மராட்டா இரயில்வேயுடன் இணைந்து மதராஸ்–தென் மராட்டா இரயில்வே ஆயிற்று. மராட்டியத்தின் பெயர் சென்னையின் இருப்புப்பாதைக் குழுமத்தின் பெயரில் இடம்பெற்றது இவ்வாறேயாகும். 1922-இல் அக்குழுமத்தின் தலைமையகம் இராயபுரத்திலிருந்து சென்ட்ரலை அடுத்த புதிய கட்டடத்துக்கு மாற்றப்பட்டது. அதன் பின்னர் இராயபுரம் பல்லாண்டுகள் பேணுவாரற்றுக் கிடந்தது, 2005-இல்தான் புதுப்பிக்கப்பட்டது.

மும்பை முனையம் வேறொரு நெறியைக் காட்டுகின்றது. எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வரைந்த அக்கட்டடம் 1878-இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் எழுப்பப்பட்டது. மேனாட்டுக் கோதிக் வளைவுகளும் இந்தியக் கட்டடங்களின் குவிமாட, கோபுர அமைப்பும் அதில் கலந்துள்ளன. அதன் கற்செதுக்குகளில் மும்பைக் கலைப்பள்ளி மாணவர் கைவண்ணம் உண்டு. இந்நாட்டுப் பறவைகளும் விலங்குகளும் செடிகொடிகளும் அங்கே இடம்பெற்றன. கடன்சொல்லை ஒதுக்கிவிட்டுச் சொற்பகுதிகளை மொழிபெயர்த்துப் புதுச்சொல் ஆக்கும் நிலையோடு இதனை ஒப்பிடலாம். ஒப்புமை முழுமையானதன்று, வரைந்தவரும் செலவிட்டவரும் அயலாரே. எனினும் முப்பதாண்டுகளில் நிலையக் கட்டடத்தின் இலக்கணம் மாறிவிட்டமை இவ்விரு கட்டடங்களையும் அடுத்தடுத்துக் காண்பார்க்குப் புலனாகும். 2004-இல் யுனெஸ்கோ மும்பை முனையத்தை உலகப் பண்பாட்டுச் சின்னமாக ஏற்றது.

புணே நிலையத்தின் இன்றைய கட்டடம் மிகவும் பிந்தியது. 1922-இல் பணி தொடங்கி 1925 ஜூலை 27-இல் மும்பை ஆளுநர் சர் லெஸ்லி வில்சனால் திறந்துவைக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் அக்குழுமம் அரசின் நேரடி மேலாண்மைக்கு வந்தது. ஸ்டீவன்ஸின் ஆடம்பரம் புணேயில் இல்லை. வழிநிலையமாதலின் பாதைக்கு இணையாக நீண்டு, பயணச்சீட்டு வழங்கும் கூடம், காத்திருக்கும் அறைகள், அலுவலகங்கள் ஆகியவற்றை வரிசையாகக் கொண்டது அது. முதல் உலகப் போருக்குப் பிந்திய சிக்கனம் அதில் தெரிகின்றது என்று கருதலாம்.

புணேவுக்குக் கிழக்கே உள்ள சிறு நிலையங்களே தக்காணத்தின் நிலைய அமைப்பை உண்மையாகக் காட்டுவன. தக்காணத்தில் எங்கும் கிடைக்கும் கருங்கல்லாலான சுவர், சாய்ந்த ஓட்டுக் கூரை, நடைமேடையை நோக்கிய திண்ணை, நிலைய அலுவலர் அறை, பயணச்சீட்டுச் சாளரம், விளக்குகளை வைக்கும் அறை ஆகியவை இத்தகைய நிலையங்களின் பொது உறுப்புகளாகும். கூரைக்கு மரச் சட்டமும் தட்டை ஓடும் பயன்பட்டன. பாசல் மறைப்பணியாளர் 1865-இல் மங்களூரில் ஓட்டு ஆலை நிறுவிய பின்னர் மங்களூர் ஓடு தென்னாட்டு நிலையங்களில் பெருவழக்காயிற்று. இக்கட்டடங்களை வரைந்தவர் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. அளவான வரைபடம் ஒன்றைக் கொண்டு ஊருக்கு ஊர் உள்ளூர்க் கொத்தர் கட்டினர். வெயிலும் மழையும் அறிந்த கை அவற்றில் தெரியும். திண்ணை வைத்த வீட்டில் பிறந்தோர்க்கு இந்நிலையம் அயலாகத் தோன்றியிராது.

3. சொற்கள்

புதிய வண்டிக்கு இப்பாதை நெடுகிலும் நான்கு மொழியினரும் தத்தம் மொழியில் பெயரிட்டனர். மராட்டியர் 'ஆககாடி' என்றனர். 'ஆக்' என்பது தீ, 'காடி' என்பது வண்டி. கன்னடத்தில் 'உகிபண்டி', 'உகி' என்பது ஆவி. தெலுங்கில் 'பொகபண்டி', தமிழில் 'புகைவண்டி'. இரண்டன் முதற்பகுதியும் புகையே. பாதைக்கு அப்பால் நோக்கின் மலையாளத்தார் 'தீவண்டி' என்று மராட்டியரோடு ஒத்தனர். ஈழத்துத் தமிழர் 'புகையிரதம்' என்றனர். சிங்களத்தின் 'தும்ரிய' என்பதும் புகை ஊர்தி என்றே பொருள்படும்.

இச்சொற்களின் இரண்டாம் பகுதியில் வேற்றுமை மிகுதியில்லை. வண்டி, பண்டி, காடி என அவரவர் வீட்டு வண்டியே இரும்பு வண்டிக்கும் பெயராயிற்று. முதற்பகுதியில்தான் நோக்கு வேறுபடுகின்றது. ஒரே எந்திரத்தின் தீயைச் சிலரும் ஆவியைச் சிலரும் புகையைச் சிலரும் கண்டனர். ஆவியால் ஓடுகிறது என்பது எந்திரம் அறிந்தோர் கூற்று. தீ எரிவது நடைமேடையில் நின்றோர்க்குத் தெரியும். புகையோ வயலில் நிற்போர்க்கும் தெரியும். இவ்வேறுபாட்டுக்கு இன்னது காரணம் என நிறுவ இயலாது. ஆயினும் மொழிபெயர்ப்பாளர் 'ஆககாடி' என்பதைப் 'புகைவண்டி' எனப் பெயர்க்குமிடத்து ஒரு படிமம் மறைந்து மற்றொன்று தோன்றுவதை உணர்தல் நன்று. மராட்டிக் கவிதையில் வண்டியின் தீ பேசப்படுமாயின் தமிழில் புகை அவ்விடத்துக்குப் பொருந்தாது.

1930 ஜூன் 1-இல் மும்பைக்கும் புணேவுக்கும் இடையே தொடங்கிய 'தக்காண ராணி' மின்சாரத்தால் ஓடியது. புணேவுக்கு மேற்கே தீயும் புகையும் இல்லாத ஆககாடி அன்றே வந்துவிட்டது. புணேவுக்குக் கிழக்கே ஹடப்சர்ப் பக்கம் பாதை மின்மயமானது அதற்குப் பல பத்தாண்டுகள் பிந்தியே. ஆகவே நெடுங்காலம் புணே நிலையம் மின்சாரத்துக்கும் நீராவிக்கும் எல்லையாக நின்றது. பொருள் மாறியும் சொல் மாறாமை மொழியின் இயல்பு. தமிழில் பிற்காலத்தார் ஆக்கிய 'தொடர்வண்டி' என்பது எரிபொருளைச் சுட்டாது வடிவத்தைச் சுட்டுவதால் மின்வண்டிக்கும் பொருந்தும். எனினும் மக்கள் நாவில் 'இரயில்' என்பதே நிலைத்துவிட்டது. அச்சொல்லும் ரகரம் மொழிமுதல் வாரா என்னும் மரபுக்கேற்ப இகரம் முன்னே பெற்றது.

நிலையத்தைக் குறித்த சொற்களுள் தனிச் சிறப்புடையது தஞ்சைப் பகுதியில் வழங்கும் 'இரயிலடி' என்பதாகும். தேர் நிற்குமிடம் தேரடி. அவ்வாறே இரயில் நிற்குமிடம் இரயிலடி. கட்டடத்தைச் சுட்டாது இடத்தைச் சுட்டும் இச்சொல்லை யாரும் குழு அமைத்து ஆக்கவில்லை. 'நிலையம்' என்பதும் மராட்டியின் 'ஸ்தானக்' என்பதும் எழுத்து வழக்குக்குரியன. பேச்சு வழக்கில் இரு மொழிச் சிற்றூர் மக்களும் ஆங்கிலச் சொல்லையே ஏற்று, முதலில் நின்ற மெய்ம்மயக்கத்தில் ஸகரத்தை உதிர்த்து 'டேசன்' என்றனர். தொடர்பில்லாத இரு மொழிக் குடும்பங்கள் ஒரே வகையில் திரித்தமை குறிப்பிடத்தக்கது. 'பிளாட்பாரம்' என்பதற்குத் தமிழ் எழுத்து வழக்கு 'நடைமேடை' என்றது. மராட்டி அதே ஆங்கிலச் சொல்லை 'பலாட்' எனச் சுருக்கித் தன்வயப்படுத்திக்கொண்டது. 'கைகாட்டி' என்னும் தமிழ்ச்சொல்லோ மரக்கை உயர்ந்து தாழ்ந்த காலத்துக்குரியது. வண்ண விளக்குகள் வந்தபின் கையும் இல்லை; ஆயினும் சொல் வழங்குகின்றது.

மொழிபெயர்ப்பாளர் பெரிதும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. நிலையப் பெயரின் இறுதியில் வரும் 'ரோடு' என்பது தெருவைக் குறிப்பதன்று. ஊர் பாதையிலிருந்து விலகியிருக்குமாயின், அவ்வூருக்குச் சாலை பிரியும் நிலையத்துக்கு இவ்வாறு பெயரிட்டனர். வாலாஜா ரோடு என்பது வாலாஜாப்பேட்டைக்குச் செல்வோர் இறங்குமிடம். பார்சி ரோடு என்பது பார்சிக்குச் செல்வோர் இறங்குமிடம். பின்னதன் இன்றைய பெயர் குர்டுவாடி. இவற்றை 'வாலாஜா சாலை', 'பார்சி சாலை' எனப் பெயர்த்தல் பிழை. ஆனால் மூலத்தை அறியாதார்க்கு அவ்வாறு பெயர்க்கவே தோன்றும்.

4. பெயர்கள்

ஆங்கிலத்தில் தகரத்துக்கும் டகரத்துக்கும் வேறுபாடு இல்லை. னகர ணகரங்களுக்கும் லகர ளகரங்களுக்கும் வேறுபாடு இல்லை. தமிழிலும் மராட்டியிலும் இவ்வேறுபாடுகள் யாவும் உண்டு. ஆயினும் மராட்டிய ஊர்ப்பெயர்கள் தமிழுக்கு ஆங்கில எழுத்துக்களின் வழியாகவே வருகின்றன. இரண்டு மொழிகளும் பொதுவாகப் பெற்றுள்ள ஒலிகள் இடைவழியில் உதிர்ந்துவிடுகின்றன.

புணே என்னும் பெயரை முதலில் நோக்குவோம். மராட்டியில் உகரம் குறில், மூக்கொலி ணகரம், இறுதி ஏகாரம். ஆங்கிலேயர் வழியாகத் தமிழர் 'பூனா' என்றனர். மூன்று இடத்தும் மூலத்தோடு ஒவ்வாத வடிவம் இது. 1978-இல் ஆங்கில எழுத்துமுறை திருத்தப்பட்டபின் தமிழ் இதழ்கள் 'புனே' என எழுதத் தலைப்பட்டன. உயிர்கள் இரண்டும் திருந்தின, ணகரம் திருந்தவில்லை. ஆங்கிலத்தில் அவ்வெழுத்து இல்லாமையே காரணம். இராட்டிரகூடர் காலச் செப்பேடுகளில் இப்பகுதி 'புண்ய' என்னும் பெயரோடு காணப்படுவதாக வரலாற்றாசிரியர் கூறுவர். ணகரத்தோடு எழுதினால் 'புண்ணியம்' என்னும் சொல் தமிழ் வாசகர் நினைவில் தானே எழும். னகரத்தோடு எழுதினால் எழாது.

மும்பையிலிருந்து வருவோர் மலையேறியவுடன் காணும் நிலையம் மராட்டியில் 'லோணாவளா'. தமிழில் அது 'லோனாவாலா' என எழுதப்படுகின்றது. ணகரமும் ளகரமும் தமிழில் இருந்தும் இரண்டும் கைவிடப்பட்டன. வகரத்தின் குறிலும் நெடிலாயிற்று. ஹடப்சருக்குக் கிழக்கே உள்ள 'லோணி' என்னும் ஊரும் அவ்வாறே 'லோனி' ஆகின்றது. மராட்டியில் லோணி என்பது வெண்ணெய். 'நவநீதம்' என்னும் வடசொல்லின் வழிவந்தது என்பர்.

புணேவுக்கும் ஹடப்சருக்கும் இடையே உள்ள நிலையம் இன்னும் கருதத்தக்கது. மராட்டியில் அது 'கோர்படி'. ஆங்கிலேயர் டகரத்தின் வருடொலியை ரகரமாகக் கேட்டுக் 'கோர்பூரி' என்று படிக்கத்தக்கவாறு எழுதினர். மராட்டியில் 'கோர்பட்' என்பது உடும்பு. பெயர்க்காரணம் அதுவாயினும் பிறிதாயினும், ஆங்கில வடிவத்தை மட்டும் கண்ட மொழிபெயர்ப்பாளர் இறுதியில் 'புரி' என்னும் நகரப் பெயரைக் காண்பார். இல்லாத ஒரு வரலாறு பெயருக்குள் புகுந்துவிடும். தமிழின் டகரமோ உயிர்களின் இடையே மராட்டி ஒலிக்கு மிக அணித்தாக ஒலிப்பது. அடுத்த சந்திப்பாகிய 'தௌண்ட்' என்பதன் ஆங்கில வடிவில் முதலிலும் இறுதியிலும் ஒரே எழுத்து நிற்கின்றது; ஆனால் முன்னது பல்லொலி, பின்னது நாமடி ஒலி. தமிழில் எழுதின் ஐயத்துக்கு இடமில்லை.

இங்ஙனம் கூறுவதால் எல்லா இடத்தும் ணகர ளகரங்களைப் பெய்து எழுதுதல் வேண்டும் என்பது கருத்தன்று. சோலாப்பூர் என்பதில் மராட்டியிலும் லகரமே. ஊகித்துத் திருத்துவது மற்றொரு பிழைக்கே வழியாகும். மராட்டி எழுத்துருவை நேரே பார்த்தல் ஒன்றே நெறி.

அந்நெறி தமிழுக்குப் புதியதன்று. சோலாப்பூருக்கு அணித்தாகத் துளஜா பவானி கோயில் கொண்ட ஊர் மராட்டியில் 'துளஜாபூர்', ளகரத்தோடு கூடியது. தஞ்சை மராட்டிய மன்னர் இருவர் அத்தேவியின் பெயரைத் தாங்கினர். தமிழில் அவர்கள் பெயர் 'துளஜா' என்றே எழுதப்பட்டு வந்துள்ளது. மராட்டியரிடமிருந்து நேரே கேட்டு எழுதியமையால் ளகரம் பிழைத்தது. இன்று அதே தேவியின் ஊரை ஆங்கில வரைபடம் பார்த்து எழுதுவோர் 'துல்ஜாபூர்' என எழுத நேர்கின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை எழுத்தர்க்கு இயன்றது அச்சும் கல்வியும் பெருகிய காலத்தில் இயலாமற்போனமை எண்ணத்தக்கது.

மறுபக்கத்தையும் நோக்குதல் முறையாகும். நம் மொழியின் பெயரை இந்தியார் லகரம் இட்டு எழுத, மராட்டியர் ளகரம் இட்டுத் 'தமிள்' என எழுதி வருகின்றனர். ழகரம் அவர்களிடம் இல்லை. உள்ளவற்றுள் மிக நெருங்கியதை அவர்கள் தேர்ந்துகொண்டனர். தூத்துக்குடியும் திருச்சிராப்பள்ளியும் தஞ்சாவூரும் ஆங்கிலத்தில் சிதைந்தமையைத் தமிழர் பலகாலும் குறைகூறியதுண்டு. அக்குறையைக் கூறுவோரே லோணாவளாவை அவ்வாறு எழுதுவது பொருந்துமா என்பது கேட்கத்தக்க வினா.

இனி ஹடப்சர் என்னும் பெயருக்கு வருவோம். மராட்டியில் இது ஹ, ட, ப, ஸ, ர என உயிர்மெய் ஐந்தால் எழுதப்படுகின்றது. மெய்ம்மயக்கக் குறி ஏதும் இல்லை. ஆனால் பேச்சில் பகரத்தின் அகரமும் இறுதி ரகரத்தின் அகரமும் ஒலிப்பதில்லை. எழுத்தை நோக்கிப் பெயர்த்தால் 'ஹடபஸர' என்றும் ஒலியை நோக்கிப் பெயர்த்தால் 'ஹடப்ஸர்' என்றும் வரும். தமிழில் எழுதாத அகரத்தை ஒலிப்பதோ எழுதிய அகரத்தை விடுவதோ இல்லையாதலின் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். ஊர்ப்பெயர் வாயால் வழங்குவதாகலின் ஒலியை நோக்கியதே ஏற்புடையது.

பெருவழக்கில் உள்ள 'ஹடப்சர்' என்னும் வடிவம் அதற்கு அணித்தானதே. ஆயினும் அதில் ஓர் இடர் உண்டு. சகரம் வல்லின மெய்யை அடுத்து வரும்போது 'கட்சி', 'முயற்சி' என்பவற்றிற் போல வல்லொலியே பெறும். ஆகவே மராட்டி ஒலியை அறியாத தமிழர் 'ஹடப்சர்' என்பதைத் தவறாக ஒலிக்கக்கூடும். பகர மெய் தன்னையன்றிப் பிற வல்லெழுத்தோடு மயங்குவது தமிழ் மரபும் அன்று. ஸகரம் இட்டால் ஒலி திருந்தும். மரபு மேலும் விலகும். வடவெழுத்தை ஒதுக்கித் தமிழ் எழுத்தால் எழுதுக என்னும் தொல்காப்பிய எச்சவியல் நெறியைப் பின்பற்றுவோர், ஹரன் அரன் ஆனதுபோல் முதலெழுத்தின் ஹகரத்தை நீக்கி 'அடபசர்' எனலாம். அவ்வடிவில் மெய்ம்மயக்கம் இல்லை. சகரம் உயிர்களின் இடையே வருவதால் மெல்ல ஒலிக்கும். இம்மூன்றனுள் முற்றும் இயல்பாகத் தமிழ் நாவில் வருவது இதுவே என்பது வியப்புக்குரியது. ஆனால் இவ்வடிவைக் கண்டு வழிப்போக்கர் எவரும் நிலையத்தைக் கண்டறியார்.

அண்மைக் காலத்தில் இவ்வினா ஏட்டளவில் நில்லாது நடைமுறைத் தேவையாயிற்று. புணே நிலையத்தின் நெருக்கடியைக் குறைக்கும் பொருட்டு ஹடப்சர் துணை முனையமாக வளர்க்கப்பட்டு, 2021-இல் ஹைதராபாத் செல்லும் வண்டி அங்கிருந்து புறப்படத் தொடங்கியது. வழிநிலையமாகக் கட்டப்பட்ட ஒன்று முனையத்துக்குரிய பணியைச் செய்யத் தொடங்கிவிட்டது. பயணச்சீட்டிலும் அறிவிப்பிலும் கால அட்டவணையிலும் இப்பெயர் இனித் தமிழர் கண்ணில் முன்னினும் அடிக்கடி படும். இடப்பெயர் அகராதி தொகுப்போர் 'ஹடப்ஸர்' என்பதைத் தலைச்சொல்லாகவும் 'ஹடப்சர்' என்பதை வழக்கு வடிவாகவும் காட்டி, இரண்டுக்கும் அருகில் மராட்டி எழுத்துருவை அச்சிடுதல் வேண்டும்.